ஒழுகும் வார்ப்பு, பொரியும் கான்கிரீட்: வெளிப்புரையைப் பழுதுபார்க்க முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டை விடப் பாவப்பட்டது, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் புரை. விறகு அடுக்க, தேங்காய் போட, மோட்டார் வைக்க, ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரை நிறுத்த என்று கட்டியது. வீட்டு வார்ப்பில், அதாவது கான்கிரீட் கூரைத் தளத்தில், மிஞ்சிய கம்பியும் சிமெண்டும்தான் பல புரைகளுக்குப் போயிருக்கும். புரையின் தளம் மூன்று, மூன்றரை அங்குலக் கனம். கம்பியைப் பலகையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் அடியில் கிடையாது, மேலே தண்ணீர் வடிய வாட்டம் கிடையாது. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் வாங்கும் ஊரில் இப்படி ஒரு தளம் ஒழுகாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஒழுக ஆரம்பித்ததும் பலரும் செய்வது, அடியில் பொரிந்த இடத்தைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசுவது. மேலே தண்ணீர் நிற்கும்போது அடியை அடைத்தால், அந்த ஈரம் பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் தங்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது மழைக்குப் பூச்சு அப்படியே பாளமாகக் கழன்று விழும், முதலில் விழுந்ததை விடப் பெரிதாக. ஆகவே வேலையின் வரிசையை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்: கீழே முட்டுக் கொடுத்துத் தட்டி உதிர்ப்பது, மேலே தண்ணீரை நிறுத்துவது, காயவிடுவது, கடைசியில் கீழே அடைப்பது. உதிர்ப்பதை முதலில் வைக்கக் காரணம் உண்டு. மேலே பூச்சு அடித்த பிறகு அடியில் உளி போட்டால், அந்த அதிர்வில் புதுப் பூச்சு விரிந்துவிடும்.

எப்போது தொடங்குவது

தை பாதியிலிருந்து பங்குனி வரைதான் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தளம் காய ஆரம்பித்திருக்கும். சித்திரையில் மாலை இடிமழை தொடங்கிவிடும். ஜூன் வந்தால் எடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை. குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கம் மரநிழலில் நிற்கும் புரைகள் காய்வதற்கு இன்னும் நாள் பிடிக்கும். அந்தப் பக்கத்துக்காரர்கள் கடைசி நேரத்துக்குத் தள்ளாமல் இருப்பது நல்லது.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதை மட்டும் மழையிலேயே செய்யுங்கள். மழை பெய்யும்போது உள்ளே நின்று, எங்கே முதல் சொட்டு விழுகிறது, மழை நின்று எவ்வளவு நேரம் சொட்டுகிறது என்று சாக்குக் கட்டியால் அடியில் குறித்து வையுங்கள். கோடையில் வரும் கொத்தனாருக்கு அதை விடப் பெரிய உதவி கிடையாது.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் மேற்பூச்சுக்கு அடியில் ஓடி, பலவீனமான இடத்தில் இறங்கும். மேலே ஏறி நான்கு இடங்களை வரிசையாகப் பாருங்கள்: கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், வீட்டுச் சுவரோடு புரையின் தளம் ஒட்டும் இடம், கொடிக்கம்பிக்கோ டேங்குக்கோ தளத்தைத் துளைத்த இடம். என் அனுபவத்தில் நட்ட நடுத் தளத்தில் தொடங்கும் ஒழுக்கு குறைவு. இந்த நாலு இடங்களில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

வீட்டோடு ஒட்டிய சாய்ப்பாக இருந்தால் கவனம். பழைய கட்டிடமும் புதியதும் வேறு வேறு அடித்தளத்தில் நிற்பதால் இரண்டும் தனித்தனியாக அசையும். நடுவில் விழும் விரிசலைச் சிமெண்டால் எத்தனை முறை அடைத்தாலும் திரும்ப விரியும். அங்கே இழுபடும் பாலியுரித்தேன் சீலண்ட்தான் வேண்டும்.

மழையே இல்லாத நாளிலும் அடியில் ஈரம் பூத்தால், உள்ளே அடுப்போ புகைப்புரையோ இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி: 18 அங்குலச் சதுரத்துக்குக் கண்ணாடி போன்ற பாலித்தீன் ஷீட்டை அடியில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மாலையில் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஷீட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் துளி கோத்திருந்தால் ஈரம் தளத்துக்குள்ளிருந்து வருகிறது. ஷீட்டின் அறைப் பக்கத்தில் மட்டும் துளி என்றால், அறையின் நீராவிதான் படிகிறது. அதற்கு ஜன்னல் போதும், வார்ப்பைத் தொட வேண்டாம்.

தட்டிப் பார்ப்பது

ஒரு சின்னச் சுத்தியலும் தலைக்குக் கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குள் வயர் ஓடினால் மெயினை அணைத்துவிடுங்கள். அரையடிக்கு ஒரு தட்டு வீதம் அடி முழுவதையும் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் ‘டங்’ என்று திருப்பிக் கொடுக்கும், கையில் சுத்தியல் எகிறும். கழன்ற இடம் ‘பொத்’ என்று சொல்லும், சுத்தியல் அப்படியே அமுங்கும். பார்க்க நன்றாக இருக்கும் இடமும் பொத்தென்று சொல்லும். அதையும் சேர்த்துக் கோடு போட்டு வையுங்கள். ஒரு கைப்பிடி அளவு பொரிந்த இடத்தைச் சுற்றி ஒரு முறம் அளவுக்குப் பொத்தென்று சொல்லும் இடம் இருப்பது சாதாரணம்.

ஏன் பொரிகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் எவ்வளவு உதிர்க்க வேண்டும் என்பது தானே விளங்கும். புது கான்கிரீட் கடுமையான காரத் தன்மை உள்ளது, பி.எச். 12-க்கு மேல். அந்தக் காரம் இருக்கும் வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கும். குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் போன்ற கடற்கரைப் பக்கங்களில் உப்புக்காற்று இன்னொரு வழியில் கம்பியைத் தின்னும். காரம் மிச்சமிருந்தாலும் உப்பு விடாது. இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கடியில்தான் அடிக் கான்கிரீட் பிளந்து விழுகிறது.

காரம் எவ்வளவு ஆழம் போய்விட்டது என்று பார்க்க, பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே பினாப்தலீன் கரைசல் போதும். புதிதாக உடைத்த முகத்தில், தூசியை ஊதிவிட்டு, சில துளி விடுங்கள். ரோஜா நிறம் வந்த இடத்தில் காரம் உயிரோடு இருக்கிறது. நிறமே வராத பட்டை, கம்பியைத் தாண்டி உள்ளே போயிருந்தால், இன்று பொரியாத கம்பியும் நாளை பொரியும். உப்பை இது காட்டாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பழுதா, இடிப்பா

புரைதானே என்று இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடியில் இரண்டு சுவருக்கும் நடுவே நூல் பிடித்துத் தொய்வை அளங்கள். 10 அடி அகலத்துக்கு அரை அங்குலத்துக்கு மேல் தொய்வு இருந்தால், அது சென்ட்ரிங் போடும்போதே வந்ததா, பிறகு இறங்கியதா என்று ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். கம்பியைச் சுரண்டி, காலிபர் வைத்து அளங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் போனது ஒரு மில்லிமீட்டர்தான் என்று தோன்றும்; ஆனால் குறுக்குவெட்டில் கிட்டத்தட்ட கால் பங்கு, அதாவது 23 சதவீதம் போய்விட்டது. அங்கங்கே இப்படி என்றால் பக்கத்தில் புதுக் கம்பி கட்டலாம். தளம் முழுக்க இப்படித்தான், பலகை போல உதிர்கிறது என்றால், பழுதுபார்க்கக் கொட்டும் பணம் வீண். சுவர் நன்றாக இருந்தால் தளத்தை மட்டும் இறக்கிவிட்டு இரும்புச் சட்டத்தில் ஷீட் போடுவது புத்திசாலித்தனம். புரைக்கு வார்ப்பே வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

கீழே: முட்டும் உதிர்ப்பும்

முட்டு இல்லாமல் உளியைத் தொடக் கூடாது. மூன்று, நான்கு அடிக்கு ஒன்றாக முட்டு நிறுத்தி, மேலே பலகை, கீழேயும் பலகை. தரை மண்ணாக இருந்தால் கீழ்ப்பலகை மிக அவசியம், இல்லையென்றால் முட்டு மண்ணில் இறங்கிவிடும். பொத்தென்று சொன்னதாகக் குறித்த இடத்தின் ஓரத்தைக் கட்டிங் மெஷினால் 10 மி.மீ. ஆழத்துக்குச் சதுரமாக வெட்டுங்கள், கம்பியில் படாமல். ஓரம் சீவலாக மெலிந்து போனால் அங்கிருந்துதான் புதுக் கலவை பெயரும்.

உள்ளே இருப்பதைச் சின்ன உளியால் உதிர்த்து, துருப்பிடித்த கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு இடம் எடுங்கள். கம்பியின் கீழ்ப்பாதியை மட்டும் திறந்துவிட்டு மேல்பாதியைப் பழைய கான்கிரீட்டிலேயே விடுவதுதான் நம் ஊர் வேலைகளில் நான் அதிகம் காணும் குறை. அந்த மேல்பாதியில் துரு தொடரும். துரு முடிந்து சுத்தமான கம்பி இரண்டு அங்குலமாவது தெரியும் வரை நீளவாக்கிலும் உதிர்க்க வேண்டும். மூன்று அங்குலத் தளத்தில் இதைச் செய்யும்போது சில இடத்தில் வானம் தெரிந்துவிடும். பயப்பட வேண்டாம், அடியில் பலகை கட்டி மேலிருந்து கான்கிரீட் போட்டுக்கொள்ளலாம்.

மேலே: தண்ணீரை நிறுத்துவது

பணத்தையும் நேரத்தையும் அதிகம் போட வேண்டிய கட்டம் இது. இந்த இடத்தில்தான், “ஒரு சிமெண்ட் பால் அடிச்சு விட்டாப் போதும்ணே” என்று ஒரு குரல் வரும். சிமெண்ட் பால் வெயிலில் விரிவதையும் சுருங்குவதையும் தாங்காது. ஒரு கோடை போதும், மயிரிழை விரிசல் வலை போலப் படர.

முதலில் பழைய மேற்பூச்சைத் தட்டிப் பாருங்கள். கொப்பளித்திருந்தால் முழுவதையும் பெயர்த்து இறக்குங்கள். மேலேயே இன்னொரு பூச்சு போடுவது தளத்துக்குச் சுமை: 100 சதுர அடியில் ஓர் அங்குலச் சாந்து என்றால் ஏறத்தாழ அரை டன். மூன்று முறை பூசிய புரை ஒன்றரை டன்னைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. பெயர்த்த பிறகு பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கைப்பிடிச்சுவர் இடுக்கில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேர் உள்ளே நின்றுவிடும். அந்த இரண்டு கல்லை எடுத்து வேரோடு அகற்றிவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

விரிசல்களைக் கட்டிங் மெஷினால் 10 மி.மீ. அகலமும் ஆழமுமாகத் திறந்து, தூசி போக ஊதி, எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (சிமெண்டோடு சேர்க்கும் பால் போன்ற செயற்கை ரப்பர் திரவம்) கலந்த கலவையால் அடையுங்கள். அசையும் விரிசலுக்கு மேலே சொன்ன சீலண்ட்.

அப்புறம் வாட்டம். 100-க்கு 1 என்பது குறைந்தபட்சம். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80-க்கு 1 கிடைத்தால் இன்னும் நல்லது. கண்ணால் பார்த்து வாட்டம் போடாமல், டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து நூல் கட்டச் சொல்லுங்கள். மெலிந்த தளமாக இருந்தால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வாட்டம் கொடுக்காமல், இரண்டு பக்கமும் குழாய் வைத்து நடுவிலிருந்து பிரித்துவிடுங்கள். தண்ணீர் ஓடும் தூரம் பாதியானால் நடுவில் போடும் சாந்தின் கனமும் பாதியாகும்.

தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலையைச் செங்குத்தாக விடாமல், கலவையை வைத்து ஒரு பாட்டிலின் வயிற்றால் இழுத்து உருட்டிவிடுங்கள். எந்தப் பூச்சும் கூர்மூலையில்தான் முதலில் கிழியும். குழாயின் வாய் தளத்தை விட அரை அங்குலம் தாழ்ந்து இருக்கட்டும், குழாய் 4 அங்குலமாக இருக்கட்டும், சுவரைத் தாண்டி அரையடி வெளியே நீட்டட்டும். 2 அங்குலக் குழாய் வைத்த புரைகளில் நாலு ரப்பர் இலை விழுந்தால் தளம் குளமாகிவிடும்.

சாந்தை ஏழு நாளாவது நனைத்துக் காயவிட்டு, பிறகு நீர்த்தடுப்புப் பூச்சுக்கு வாருங்கள். கடையில் பல விதம் இருக்கும். ஒரு வித்தியாசம் தெரிந்தால் போதும். பொடியும் திரவமுமாக இரண்டு பாகமாக வரும் சிமெண்ட் வகைப் பூச்சுக்குத் தளம் நனைந்து, ஆனால் மேலே தண்ணீர் நிற்காமல் இருக்க வேண்டும். ஒரே டின்னில் பெயிண்ட் போல வரும் அக்ரிலிக்குக்கும் பாலியுரித்தேனுக்கும் தளம் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் உலகத்திலேயே விலை கூடிய டின்னும் உரிந்து வரும். தாரை உருக்கி ஊற்றும் பழைய பழக்கத்தை நான் சொல்ல மாட்டேன். நம் வெயிலில் இளகி ஓடும், பிறகு வறண்டு வெடிக்கும், அடுத்த முறை வேறெதுவும் அதன்மேல் ஒட்டாது.

மூலைகளிலும் விரிசல்களிலும் பூச்சு ஒரு கோட் அடித்து, ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் மெஷ் பட்டையை அழுத்தி, மேலே இன்னொரு கோட். பிறகு தளம் முழுக்க இரண்டு கோட், முதல் கோட் கிழக்கு மேற்காக என்றால் அடுத்தது தெற்கு வடக்காக. கைப்பிடிச்சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்ற வேண்டும், குழாயின் வாய்க்குள்ளும் இறக்க வேண்டும். அளவு கணக்கில் இதைச் சேர்க்க மறந்துதான் டின் பாதியில் தீர்கிறது: 10-க்கு 12 அடி தளம் 120 சதுர அடி, சுற்றி ஓரடி சேர்த்தால் 164. காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள், அடுத்த 24 மணி நேரம் மழை இல்லாத நாளாகப் பாருங்கள். வெள்ளை நிறம் வாங்கினால் உள்ளே சூடும் குறையும்.

நீர் நிறுத்திப் பார்த்தல்

பூச்சு முழுதாக இறுகிய பிறகு, டின்னில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி, குழாயை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீர் நிறுத்துங்கள். முட்டு அப்படியே இருக்கட்டும்; 100 சதுர அடிக்கு இது ஏறத்தாழ 230 லிட்டர், அத்தனை கிலோ சுமையும்கூட. வாட்டம் இருப்பதால் குழாய்ப் பக்கம் ஆழம் கூடும், மறுபக்கம் குறையும். 24 மணி நேரம் விட்டு, இன்னும் பூசாத அடியைப் பாருங்கள். இந்த வரிசையில் வேலை செய்வதன் பெரிய லாபம் இது: அடி திறந்து கிடப்பதால் கசிவு எங்கே என்று கையால் தொட்டுக் காட்டலாம். கொத்தனாருக்கு மீதிப் பணம் கொடுக்கும் நாளும் இதுதான்.

கீழே: கம்பியும் கலவையும்

தளம் இரண்டு மூன்று வாரம் காயட்டும். பாலித்தீன் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு இறங்குங்கள். திறந்து கிடந்த கம்பியில் இதற்குள் புதுத் துரு படிந்திருக்கும். கம்பி பிரஷ் வீலைக் கிரைண்டரில் மாட்டி வெள்ளி நிறம் தெரியும் வரை, பின்பக்கமும் சேர்த்து, தேய்த்து அன்றே ஜிங்க் ரிச் பிரைமர் (துத்தநாகம் கூடிய துருத்தடுப்புப் பூச்சு) அடித்துவிடுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் தேய்க்கும் முன் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி உப்பைப் போக்குங்கள். கால் பங்குக்கு மேல் தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி, 8 மி.மீ. கம்பிக்கு இரண்டு முனையிலும் 400 மி.மீ. நல்ல பழைய கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

பழைய கான்கிரீட்டை நனைத்து, மேலீரம் வற்றியதும், எஸ்.பி.ஆரும் சிமெண்டும் குழைத்த கூழைப் பிரஷால் தேயுங்கள். அது காயும் முன், கையில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே கலவையை ஏற்ற வேண்டும். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், டின்னில் சொன்ன அளவு எஸ்.பி.ஆர்., தண்ணீர் மிகக் குறைவாக. உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும். கம்பிக்குப் பின்னால் விரலால் அழுத்தித் திணித்துவிட்டு முகத்தைப் போடுங்கள். ஒரு தடவைக்கு 10, 12 மி.மீ. கனத்துக்கு மேல் போனால் தலையில் விழும். முதல் அடுக்கைக் கீறிவிட்டு, மறுநாள் கூழ் தேய்த்து அடுத்த அடுக்கு. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமான இடத்துக்கு இந்த வேலை சரிப்படாது, பலகை அடித்து மைக்ரோ கான்கிரீட் (இடுக்கில் தானே ஓடி நிரம்பும் ரெடிமேட் கலவை) ஊற்றுங்கள்.

கடல் மணலும் உப்புக் கிணற்றுத் தண்ணீரும் இந்த வேலைக்குள் வரவே கூடாது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. கரையோர ஊர்களில் குடிக்கிற தண்ணீரையே கலவைக்கும் பிடித்து வையுங்கள்.

அதே ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலில் கம்பியை மூடும் கான்கிரீட் 45 மி.மீ. கனம் வேண்டும் என்று கேட்கிறது. மூன்று அங்குலப் புரைத் தளத்தில் அதற்கு எங்கே போவது? 20 மி.மீ. வரை கொண்டுவாருங்கள், மிச்சத்தை, அடியில் அடிக்கும் கார்பனேஷன் தடுப்புப் பெயிண்ட் (கரியமில வாயு உள்ளே இறங்காமல் தடுப்பது) ஓரளவு ஈடுகட்டும். எஸ்.பி.ஆர். கலவையை ஒரு நாள் ஈரச்சாக்கால் மூடி, பிறகு காற்றில் காயவிட வேண்டும். சாதாரண சிமெண்ட் போல ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. முட்டுகளை ஒரு வாரத்துக்கு முன் எடுக்காதீர்கள். மைக்ரோ கான்கிரீட் போட்ட இடத்துக்குப் பொறியாளர் சொல்லும் நாள்.

சன்ஷேடைத் தொடும் முன்

புரையின் வாசலுக்கு மேலே நீட்டும் சன்ஷேடும் பொரிந்திருக்கும். அதைத் தளத்தைப் போல நினைத்துவிடக் கூடாது. தளத்தில் பலம் தரும் கம்பி அடியில். சன்ஷேடில் அது மேற்பக்கம். மேலே உளி போட்டு அந்தக் கம்பியைத் திறந்தால் மொத்தமும் ஆள் தலையில் வரும். நுனி வரை முட்டுக் கொடுத்த பிறகே கை வைக்கலாம். கம்பி பாதி போயிருந்தால் சன்ஷேடை வெட்டி எடுத்துவிட்டு ஒரு ஷீட் சாய்ப்பு வைப்பது மேல். சன்ஷேடை வைத்துக்கொள்வதென்றால், ஓரத்துக்கு அடியில் அரை அங்குலக் காடி ஒன்று வெட்டிவிடுங்கள்; தண்ணீர் அடிவழியாகச் சுவருக்குத் திரும்பாமல் அங்கேயே சொட்டிவிடும்.

மேலே ஷீட் போடலாமா

இப்போது மாவட்டம் முழுக்க மொட்டை மாடிக்கு மேல் ஷீட் ஏறுகிறது. ஒழுக்கு நிற்கும், உண்மைதான். ஆனால் பழைய தளத்தில் துருப்பிடித்த கம்பியை அது சரிசெய்யாது, கடற்காற்று பக்கவாட்டில் வந்துகொண்டேதான் இருக்கும். கால்களைத் தளத்தைத் துளைத்து நிறுத்தினால் புது ஓட்டைகள். பலமில்லாத கைப்பிடிச்சுவரில் போல்ட் போட்டால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது போல் ஒரு காற்று சுவரோடு தூக்கிக்கொண்டு போகும். போடுவதென்றால் கம்பிகளைச் சரிசெய்த பிறகு, கால்கள் சுவருக்கு நேர் மேலே வருகிற மாதிரி போடுங்கள்.

பூச்சு அடித்த தளத்தில் தேங்காய் உடைப்பது, புளி காயப்போடுவது, டேங்கை இழுத்து நகர்த்துவது எல்லாம் வேண்டாம். ரப்பர் தோட்டத்து ஓரமாக இருந்தால் இலையுதிர்வு முடிந்ததும் ஒரு முறை, எடவப்பாதிக்கு முன் ஒரு முறை, புரட்டாசிக் கடைசியில் ஒரு முறை குழாயின் வாயைத் துடைத்துவிடுங்கள். முதல் பெருமழையன்று உள்ளே போய், பழைய சாக்குக் கட்டிக் குறிகள் இருந்த இடங்களைத் தடவிப் பாருங்கள். எங்காவது ஈரம் தட்டினால், அந்தக் கோடைக்குள் ஒரு சின்ன மெஷ் பட்டையோடு முடிகிற வேலைதான்.